யார் அந்தப் பஞ்சவர்ணம்?

போன வெள்ளிக்கிழமை, எட்டு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக ஜலாலுதீன் ஒரு பெயரைச் சொன்னார். அது அவருடைய மனைவியின் பெயர் இல்லை.

காலைப் பசியாறலோடு ஜரீனா அறைக்குள் நுழைந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்தது. ஒரு எழுத்துகூடக் குழறாமல், "வாங்க, பஞ்சவர்ணம்" என்றார்.

ஜரீனா தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார். அதே குரல், அதே மரியாதை. அதற்குமேல் வேறு எதையும் சொல்ல அவரால் முடியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால்வரை ஜலாலுதீன் பஸ் ஓட்டுநர். ஈசூனிலிருந்து ஆங் மோ கியோ பக்கம் போகும் தடத்தில் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் வண்டியைப் பத்திரமாக நிறுத்திவிட்டு இறங்கியவர், பஸ் இன்டர்சேஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. கூடவே பேச்சும் போனது. கால் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது, கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வார்த்தை கிடைப்பதில்லை.

இந்த எட்டு மாதத்தில் ஜரீனா அதிகம் கேட்ட சொல் 'சபூர்'. பள்ளிவாசலில் பார்ப்பவர்கள், அடுக்குமாடி புளோக்கின் கீழே பார்ப்பவர்கள், ஊரிலிருந்து போன் செய்பவர்கள், எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சபூர் செய்ங்க. அல்லாஹ் பொறுமையாளர்களோடு இருக்கிறான். அவள் தலையாட்டுவாள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கணவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, கைகால் கழுவி ஒளுச் செய்ய வைத்து, தொழ உட்காரவைத்து எட்டு மாதம் ஓட்டியவளுக்கு அந்தச் சொல்லை நம்புவதில் சிரமம் இருந்ததில்லை.

ஆனால் ஜரீனா எதையும் பிரித்துப் பார்க்காமல் விடுகிறவள் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசி வரி வரை படிப்பாள். லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் நான்கு மொழியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளின் கையில் ஒரு பெயர் கிடைத்தால்?

ஒரு வாரம் அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை. மகள் ஷிஃபானாவிடம் மட்டும் சொன்னாள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கும் அவள், "அத்தாவுக்கு அப்படி யாரையும் தெரியாதேம்மா" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பெண் கொஞ்ச நாளாகவே எதற்கும் நின்று பேசுவதில்லை.

இன்று மறுபடியும் வெள்ளிக்கிழமை.

காலை எட்டு மணிக்கெல்லாம் பரீதா வந்துவிட்டாள். ஜலாலுதீனின் அக்கா. ஆங் மோ கியோவில் தனியாக இருப்பவள். வாரத்தில் மூன்று நாளாவது தம்பிக்கு ஏதாவது சமைத்துத் தூக்கிக்கொண்டு வருவாள். இன்று இடியப்பமும் பாயாவும்.

கதவு திறந்த சத்தம் கேட்டதும் ஜலாலுதீன் திரும்பிப் பார்த்தார். "வாங்க, பஞ்சவர்ணம்."

பரீதா வாசலிலேயே நின்றுவிட்டாள். பாத்திரத்தைக்கூட இறக்கி வைக்கத் தோன்றவில்லை. பிறகு ஜரீனாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். எத்தனை நாளாக இது என்று கேட்டாள், வேறு யார் காதிலாவது விழுந்ததா என்று கேட்டாள். ஒரு வாரம் என்றாள் ஜரீனா. உங்களுக்கு அந்தப் பெயர் தெரியுமா மதினி என்று திருப்பிக் கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒண்ணு செய். கேக்காத. நோயாளி வாயில வர்றதத் தோண்டிப் பாக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் முடிஞ்சு போனது. சபூர் செய்."

"என்னன்னே தெரியாம எதுக்கு மதினி சபூர் செய்யிறது?"

பரீதா பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். கொஞ்ச நேரம் பாயாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு அய்யூப் நபியை எடுத்தாள். உடம்பெல்லாம் நோவு வந்து, பிள்ளைகள் போய், ஊரே ஒதுக்கிய பிறகும் அவர் பொறுமையை விடவில்லை. அவர் மனைவியும் கூடவே இருந்து பணிவிடை செய்தார். அந்த அம்மா ஏதாவது கேள்வி கேட்டாரா?

ஜரீனா அதைத்தான் யோசித்தாள். கேட்டிருப்பாரா? அத்தனை வருடத்தில் ஒரு நாளாவது கோபப்பட்டிருக்க மாட்டாரா? பள்ளிவாசல் பயானில் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அய்யூப் நபியைப் பற்றிச் சொல்லும்போதும் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்று யாரும் சொன்னதில்லை. 'எனக்குத் துன்பம் வந்துவிட்டது' என்று அவர் தன் இறைவனிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் சபூர் என்பது பேசாமல் இருப்பது இல்லையே. வேறு என்ன அது?

அவள் இதையெல்லாம் பரீதாவிடம் சொல்லவில்லை. தாமதமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, கணவருக்குச் சட்டையை மாட்டினாள்.

ஈசூனிலேயே ஒரு பகல்நேர மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜலாலுதீனுக்கு அங்கே பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுப்பவள் மோகனப்பிரியா. முப்பது வயதுகூட ஆகாத பெண், தமிழில் பேசிப் பழக்குவாள் என்பதற்காகவே இவர்கள் கேட்டு வாங்கிய நேரம்.

மோகனப்பிரியா ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினாள். ஜலாலுதீன் அதைப் பார்த்தார். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வார்த்தை வரவில்லை. அவள் அவசரப்படாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். அவர் கூடவே சேர்ந்து பத்து வரை தடையில்லாமல் எண்ணினார். ஜரீனா சலாம் சொன்னால் முழுதாகப் பதில் சலாம் சொல்கிறார். தொழும்போது அல்ஹம்து சூரா தண்ணீர் போல வருகிறது. ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. இது ஜரீனாவுக்கு இன்றுவரை ஆச்சரியமாகவே இருந்தது.

பயிற்சி முடிந்து அவரை மற்றவர்களோடு உட்காரவைத்த பிறகு, தயங்கித் தயங்கி மோகனப்பிரியாவிடம் அந்தப் பெயரைச் சொன்னாள். சிரித்துவிடுவாளோ என்று பயந்தாள். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தினமும் ஒரே மாதிரி சொன்ன வார்த்தை மூளையில வேற இடத்துல தங்கும் ஆன்ட்டி. அதனாலதான் ஓதறது வருது, எண்றது வருது. இதுவும் அப்படித்தான் இருக்கும். இந்தப் பேரை அங்கிள் வருஷக்கணக்கா தினமும் சொல்லியிருக்கணும்."

ஜரீனா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். தினமும்?

"என் பேரு ஏன் வரல?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி ஒரு வாரமாகத் மனதில் இருந்தது தெரிந்தது.

"உங்கள அவர் எப்படிக் கூப்பிடுவாரு, ஆன்ட்டி?"

ஜரீனா யோசித்தாள். எப்படிக் கூப்பிடுவார்? 'இந்தா' என்பார். 'இந்தா, கொஞ்சம் தண்ணி.' 'இந்தா, நான் கிளம்புறேன்.' அவ்வளவுதான். ஒரு நாளும் ஜரீனா என்று அவர் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதே இல்லை என்பதை, இருபத்து மூன்று வருடத்தில் இன்றுதான் அவள் கவனித்தாள்.

இல்லை, முன்பு ஒரு பெயர் இருந்தது. 'இர்ஃபானம்மா' என்பார். மூத்தவன் பிறந்த நாளிலிருந்து அதுதான் அவள் பெயர். ஆறு வருடத்துக்கு முன்னால், பதினைந்து வயதில், பள்ளி மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவன் சுருண்டு விழுந்தான். இதயத்தில் பிறவியிலேயே ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல். அதற்குப் பிறகு 'இர்ஃபானம்மா' என்று அவர் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்? வேறு பெயரும் வைக்கவில்லை. 'இந்தா' ஆகிவிட்டது.

அன்று மையித்தைச் சுவா சூ காங் இடுகாட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் அவள் அலறி அழுதாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் அவள் தோளைப் பிடித்து, அழாத, சபூர் செய் என்றார். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் நிறுத்திவிட்டாள். அன்று நிறுத்தியதுதான், அவர் எதிரில் பிறகு அழுததே இல்லை. நாலு நாள் கழித்து அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். இந்த மனிதருக்கு ஈமான் இவ்வளவு உறுதி என்று ஊர் சொன்னது. கல் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டில் எது என்று ஆறு வருடமாக அவளுக்குத் தெரியவில்லை.

"ஆன்ட்டி?" என்றாள் மோகனப்பிரியா.

"ஒண்ணுமில்லம்மா" என்று எழுந்தாள் ஜரீனா. நாலு மணிவரை அவரை இங்கே பார்த்துக்கொள்வார்கள். ஷிஃபானாவுக்கு வகுப்பு ஒரு மணிக்கு முடியும், அவளையே வந்து அழைத்துப் போகச் சொல்லி மெசேஜ் அனுப்பினாள். எங்கே போகிறீர்கள் என்று மகள் கேட்டதற்குப் பதில் போடவில்லை.

தினமும் என்றால் வீட்டில் இல்லை. விடியும் முன்னால் கிளம்பிப் பிற்பகலில் திரும்பும் மனிதர் வேறெங்கே தினமும் ஒரு பெயரைச் சொல்லியிருக்க முடியும்? அவள் நேராக இன்டர்சேஞ்சுக்குப் போனாள்.

அங்கே சேதுபதி இருந்தான். ஜலாலுதீனோடு பன்னிரண்டு வருடம் ஓட்டியவன், ஆஸ்பத்திரிக்குப் பலமுறை வந்து போனவன். ஓய்வு நேரம், கோப்பியோடு உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள், எதிரில் வந்ததும் நேராகவே கேட்டுவிட்டாள். பஞ்சவர்ணம் யார்?

சேதுபதியின் முகத்தில் எதையும் மறைக்கும் பாவனை இல்லை. "அந்த அம்மாவா? எங்கள ஒரு வழி பண்ணிட்டாங்கண்ணி. எட்டு மாசமா தினமும் காலையில அதே கேள்விதான், ஜலால் பாய் எங்கன்னு. உடம்புக்கு முடியலன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க லா."

முதல் பஸ்ஸில் ஏறும் அம்மாவாம். தேக்கா மார்க்கெட்டில் ஒரு கீரைக் கடையில் வேலையாம். வீட்டு விலாசத்தைக் கேட்டாராம், ஒரு பயணியிடம் அதையெல்லாம் கொடுக்கக்கூடாது என்பதால் இவன் கொடுக்கவில்லையாம். அந்த அம்மா கேட்டதையாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருந்த கஷ்டத்தில் இதைப் போய் எங்கே சொல்வது என்று விட்டுவிட்டேன் என்றான்.

வயது என்ன இருக்கும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஜரீனா கேட்கவில்லை. ரயில் ஏறினாள்.

நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி வெளியே வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் அங்குலியா பள்ளிவாசலை நோக்கி விரைந்துகொண்டிருந்தார்கள். அவள் அவர்களுக்கு எதிர்த்திசையில் நடந்தாள். யா அல்லாஹ், எதைக் காட்டினாலும் தாங்கும்படி காட்டு என்று ஒரு துஆ மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பயம் இருந்தது. ஆனாலும் கால் பின்வாங்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை பயத்தைவிட ஒரு பிடி அதிகமாக இருந்தது.

மார்க்கெட்டுக்குள் மூன்றாவது கடையில் கேட்டவுடனேயே கை காட்டிவிட்டார்கள்.

ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார் ஒரு அம்மா. அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. மெலிந்த உடம்பு, நரைத்த தலை, பச்சை ஏப்ரன், ரப்பர் காலணி.

"அக்கா, நீங்கதான் பஞ்சவர்ணமா? நான் ஜலாலுதீன் வீட்டுல இருந்து வர்றேன்."

அந்த அம்மா எழுந்தார். மடியிலிருந்த கீரை கீழே கொட்டியது. "இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்காரு."

பஞ்சவர்ணம் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு, கடைக்காரர் பார்க்கிறாரா, வருகிறவர் போகிறவர் பார்க்கிறார்களா என்ற கவலை எதுவும் இல்லாமல் அழுதார். அவர் இறந்துவிட்டார், டிரைவர்கள் தன்னிடம் மறைக்கிறார்கள் என்றே எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு வாரமாக ஜரீனா மனதில் கட்டி வைத்திருந்த பெண் வேறு. இளமையான, பூ வைத்த, சிரித்த முகம் ஒன்று. அது எங்கே போனதென்றே தெரியவில்லை. குனிந்து கீழே சிதறிய கீரையைப் பொறுக்கிக் கொடுத்தாள். அப்படியே பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் அவர் உங்கள் பெயரை மட்டும்தான் சொல்கிறார் என்றாள். பஞ்சவர்ணத்துக்கு அது புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ஐயோ, இந்தப் பிள்ளை என்னென்ன நினைத்திருக்குமோ என்று பதறி, சொல்லத் தொடங்கினார்.

"ஆறு வருஷம் இருக்கும்மா. விடியக்காலை முதல் பஸ். நான் மட்டும்தான் ஏறினேன். கார்டு தட்டினேன், வண்டி நகரல. திரும்பிப் பாத்தா, ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு மனுஷன் அழறாரு. சத்தமே இல்ல. உடம்பு மட்டும் குலுங்குது. நான் என்னன்னு கேக்கல. 'அழுங்க தம்பி, யாரும் வரல, நான் பாத்துக்கறேன்'னு கதவுகிட்ட நின்னுக்கிட்டேன்."

"என்ன கிழமை அக்கா?"

"புதன்கிழமை. செவ்வாக்கிழமை எங்க கடை லீவு. மறுநாள்தான் அது."

சனிக்கிழமை இர்ஃபான் போனான். புதன்கிழமை அவர் வேலைக்குப் போனார். ஜரீனாவுக்கு விரல் விட்டு எண்ணத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் அவர் இந்த அம்மாவின் பெயரைக் கேட்டிருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் கதவு திறக்கும்போது, 'வாங்க, பஞ்சவர்ணம்.' வேலை நாளில் ஒரு நாள் தவறியதில்லை. அடுத்த இரண்டு நிறுத்தத்தில் கூட்டம் ஏறிவிடும். அதுவரை ஐந்து நிமிடம் பேசுவார்கள். பெரும்பாலும் அவர் இர்ஃபானைப் பற்றிப் பேசுவார். பந்து விளையாட்டு, பரோட்டாவை மைலோவில் தொட்டுத் தின்பது, தங்கச்சியைச் சீண்டுவது. எல்லாம் இந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஜரீனா கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் சொல்லுங்கள் என்றாள். ஆறு வருடமாக வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத மகன், தேக்கா மார்க்கெட்டில் ஒரு கீரைக் கடையில் பேச்சுக்குப் பேச்சு வந்துகொண்டிருந்தான்.

பஞ்சவர்ணத்துக்கும் ஒரு மகன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவன், நாலு வருடமாக ஒரு போன் இல்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவனுக்காக அழுவதா வேண்டாமா என்று ஒருநாள் அவர் கேட்டாராம். அப்போது ஜலாலுதீன் யாகூப் நபியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

"உங்க நபி ஒருத்தராம். மகன் காணாமப் போயிட்டான்னு வருஷக்கணக்கா அழுது அழுது கண்ணே வெளுத்துப் போச்சாம். ஆனா அழகான பொறுமைன்னு அவர் பொறுமையத்தான் சொல்வாங்களாம். அழுதுட்டே பொறுமையா இருக்கலாம் பஞ்சவர்ணம், ஆண்டவன்மேல நம்பிக்கைய விட்டாத்தான் தப்புன்னாரு. சொல்லிட்டு, 'இது எனக்கே லேட்டாத்தான் புரிஞ்சது. என் சம்சாரத்த அன்னைக்கு அழ விடல. இப்ப அதத் திருப்பிச் சொல்லத் தெரியல'ன்னாரு."

ஜரீனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தன.

"இத உங்ககிட்ட சொன்னவரு, ஏன் அக்கா எங்கிட்ட சொல்லல? நான் பக்கத்துலதானே இருந்தேன்."

பஞ்சவர்ணம் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியலம்மா. நானும் என் மகனப் பத்தி எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசறதில்ல. உங்க வீட்டுக்காரர்கிட்டதான் பேசினேன்."

ஜரீனாவும் ஒரு கட்டை மடியில் எடுத்துக்கொண்டாள். இருவரும் கீரை ஆய்ந்தார்கள். ஜரீனா புறப்படும்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள், விலாசம் எழுதிக் கொடுத்தாள். பஞ்சவர்ணம் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கடைசியா பாத்த அன்னைக்கு அவரு முகமே சரியில்ல. 'இன்னைக்கு வீட்ல ஒரு விஷயம் சொல்லியாகணும் பஞ்சவர்ணம், மறைச்சது போதும்'னாரு. சொல்லிட்டாராம்மா?"

அந்த வெள்ளிக்கிழமைதான் அவர் வீடு வந்து சேரவேயில்லை.

ரயிலில் பரீதாவை அழைத்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் பரீதா மூக்கை உறிஞ்சினாள். "நான் என் தம்பியத் தப்பா நெனச்சிட்டேன் ஜரீனா. உன்னையும் வாயடைக்கப் பாத்தேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவுக்குத் தானே சமைப்பதாகவும் சொன்னாள்.

வீட்டில் ஷிஃபானா அத்தாவை ஏற்கெனவே அழைத்து வந்து சோபாவில் உட்காரவைத்திருந்தாள். ஜரீனா செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகப் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"பஞ்சவர்ணத்தப் பாத்துட்டு வர்றேன்."

அவர் கண் அகன்றது. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"நீங்க பஸ்ஸுல அழுதத சொன்னாங்க. இர்ஃபானப் பத்தி எல்லாம் சொன்னாங்க. பரோட்டாவ மைலோவுல தொட்டுத் தின்னுவானே, அதக்கூட."

அந்தப் பெயர் அந்த வீட்டின் கூடத்தில் கேட்டு ஆறு வருடமாகிறது. ஜலாலுதீனின் வாய் கோணியது. முதலில் அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்றுதான் ஜரீனா நினைத்தாள். அவர் அழுதார். குரல் வைத்து, குழந்தையைப் போல அழுதார். அவள் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆறு வருடத்துக்கு முன்னால் நிறுத்திய இடத்திலிருந்து அழத் தொடங்கினாள். இந்தமுறை யாரும் அவளை நிறுத்தவில்லை. அவருடைய இடது கை அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

எதையோ சொல்ல அவர் தவித்தார். மூச்சைக் கூட்டி, உதட்டைக் குவித்துப் பார்த்தார். கடைசியில் வந்தது, "வாங்க, பஞ்சவர்ணம்."

தவறு அவருக்கே தெரிந்தது. முகம் சுருங்கியது. ஜரீனா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். பரவாயில்லை, எனக்குப் புரிகிறது என்றாள். இது தன்னைக் கூப்பிட்டதுதான் என்பதில் அவளுக்கு இப்போது சந்தேகம் இல்லை. மோகனப்பிரியாவிடம் சொல்லி அடுத்த வாரத்திலிருந்து வேறொரு வார்த்தையைப் பழக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எட்டு மாதமாகட்டும், எட்டு வருடமாகட்டும், தினமும் சொன்னால் வராமலா போகும்? காத்திருப்பது ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அன்னைக்கு வீட்ல ஒரு விஷயம் சொல்லணும்னு சொன்னீங்களாமே. என்னது அது?"

ஜலாலுதீன் பதில் சொல்ல முயலவில்லை. தலையை மெல்லத் திருப்பி, அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

ஜரீனாவும் திரும்பினாள். சமையலறை வாசலில் ஷிஃபானா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, கன்னமெல்லாம் நனைந்திருந்தது. கொஞ்ச நாளாக எதற்கும் நின்று பேசாத பெண், இப்போது ஓடவில்லை.

"அத்தா சொல்ல வந்தது எனக்குத் தெரியும்மா" என்றாள். "நான்தான் சொல்ல வேணாம்னு கெஞ்சினேன். அதுக்கு முந்தின வாரம் நாங்க ரெண்டு பேரும் ஹார்ட் டாக்டரப் பாக்கப் போனோம். அண்ணனுக்கு இருந்தது எனக்கும் இருக்கான்னு பாக்க. எனக்கும் இருக்குன்னு ரிசல்ட் வந்துச்சும்மா. நீங்க தாங்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன். அப்புறம் அத்தா விழுந்துட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

எட்டு மாதம். இந்தப் பிள்ளை எட்டு மாதமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு பாலிடெக்னிக்குப் போய் வந்திருக்கிறாள்.

ஜரீனாவின் நாக்கு நுனியில் அந்தப் பழைய சொல் வந்து நின்றது. அதை அவள் மகளிடம் சொல்லவில்லை. எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, அத்தாவுக்குப் பக்கத்தில் கூட்டி வந்து உட்காரவைத்தாள். தானும் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"அழுதுக்கிட்டே சொன்னாலும் பரவாயில்ல" என்றாள். "முதல்ல இருந்து சொல்லு."